சாரைகள் மேல் விழுந்த புடவை

எனக்குச் சீராக வந்த சாமான்களில் பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு கேமராவும் இருந்தது. அப்பா தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பெண்ணுக்கு அவரால் பெரிதாக நகை போட முடியவில்லை. அந்தக் குறை தெரியாமல் இருக்க, தன் கையில் பழகிய கேமராவைத் துடைத்துத் தோல் உறையில் போட்டு என் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அது மாப்பிள்ளைக்கு வந்தது என்று நினைத்தார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தார். மறுவாரம் ஒருநாள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, பிலிம் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார். நான் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையிலிருந்து உள்ளே இறங்கினால், ஏரியை ஒட்டி அவர்கள் ஊர். வீட்டில் மூன்று பேர்தான். மாமியார், அவர், நான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருந்தது, ஆனால் சோறு போட்டது மறைமலை நகரில் அவர் வேலை பார்த்த கம்பெனிதான். மெயின் ரோட்டுக்குப் போய் நின்றால் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த வீட்டில் மாமனாரின் அண்ணன் இருந்தார். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் மாடு விற்பதும் ஓடு மாற்றுவதும்கூட அவர் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும்.

கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. ‘விசேஷம் ஏதும் இல்லையா?’ என்று என்னிடம் கேட்காத பெண்பிள்ளை அந்த ஊரில் கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டபோது, விசேஷம் இருந்தால் பத்திரிகை அடித்து வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றி, தாம்பரத்துக்காரிக்கு வாய் நீளம் என்று எனக்கே திரும்பி வந்தது. நீளம்தான். இப்போதும் அதில் ஒன்றும் குறையவில்லை.

தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். உன்னிடம் குறை எதுவும் தெரியவில்லை, உன் வீட்டுக்காரரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வா என்றார். வந்து சொன்னேன். “பாக்கலாம்” என்றார் அவர். எதைக் கேட்டாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான். கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அம்மா கையில் கொடுப்பார். முடியாது என்றோ வேண்டாம் என்றோ யாரிடமும் சொல்ல வராது. அதை நான் நல்ல குணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனசு கொதிக்கும்போதெல்லாம் கேமராவை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவேன். அப்பா ஒரு தடவைக்கு ஒரு ரோல் கறுப்பு வெள்ளை பிலிம்தான் கொடுப்பார். முடித்துக்கொண்டு வா, கழுவித் தருகிறேன் என்பார். அதனால் ஒவ்வொரு படத்தையும் யோசித்துத்தான் எடுப்பேன். கொக்கும் நாரையும் எல்லாரும் எடுக்கிறார்கள். எனக்குப் பாம்பு பிடித்துப்போனது. முதலில் எடுத்தது மதகுக் கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பாம்பு. முதுகில் தலை முதல் வால் வரை இரண்டு வெளிர்க் கோடு, பென்சிலால் போட்ட மாதிரி. விஷமில்லாத சாது. நான் முழங்காலிட்டு ஊர்ந்து பக்கத்தில் போகும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த ஊரில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்காமல் என்னைப் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த வருடம், தொண்ணூற்றொன்றில், மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கேமராவோடு நடந்தாலே கேள்விதான். ஒருநாள் ஏரிக்கரையில் இரண்டு போலீஸ்காரர்கள் என்னை நிறுத்தி, கேமராவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தால் உள்ளே இருக்கிற படமெல்லாம் போய்விடும் என்றேன். “அப்டி இன்னாம்மா படம்?” என்றார் ஒருவர். பாம்பு என்றேன். கையில் வாங்கியிருந்த கேமராவை அவர் அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. “பாம்ப போயி படம் புடிப்பாங்களாடி? கண்ணு அவிஞ்சி பூடும்” என்றார்.

ஆனி மாதக் கடைசியில் பெரிய மாமா எங்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்கட்டும் என்றே பேச ஆரம்பித்தார்.

“என் மச்சான் பொண்ணு ஒண்ணு படப்பைல கீதுடா. அடக்கமான பொண்ணு. நாலு வருசம் பாத்தாச்சி. இன்னும் எத்தினி வருசம் பாக்கறது? இவளத் தொரத்துன்னு நான் சொல்லல. இவளும் ஒரு மூலைல இருந்துட்டுப் போவட்டும்.”

ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். துடைப்பத்தைச் சொல்வதுபோல அவர் சொன்னது அப்படியே என் நெஞ்சில் நின்றுவிட்டது. கையில் இருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. “பாக்கலாம் பெரியப்பா” என்றார். நான் ஏதோ சொல்லப் போனேன். அதற்குள் மாமியார் என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அவரும் அவர்கள் கட்சி என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்கடுத்து ஆடி. ஒருநாள் இரவெல்லாம் நல்ல மழை. காலையில் அவர் முதல் ஷிப்டுக்குப் போனதும் நான் கேமராவோடு கிளம்பினேன். ஏரிக்குக் கீழே, பயிர் வைக்காமல் புல் மண்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் ஏதோ சரசரத்தது. நின்று பார்த்தேன். இரண்டு சாரைப் பாம்புகள். இரண்டும் என்னைவிட நீளம். கயிறு முறுக்கினது போல ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு, தலையை என் முழங்காலுக்கு மேலே தூக்கி, அப்படியே ஆடி, பொத்தென்று விழுந்து, மறுபடியும் எழுந்தன. விழும்போது புல்லில் இருந்த மழைத்தண்ணீர் தெறித்தது.

பயம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். மெதுவாக நடந்து, உட்கார்ந்து, லென்ஸ் வளையத்தைத் திருகி ஒரு படம் எடுத்தேன். அவை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னும் பக்கத்தில் போனேன். தலையும் தலையும் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டு உயர்ந்த நேரத்தில் இன்னொன்று எடுத்தேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாம்புக்குக்கூட எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்தினேன்.

ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா கரைமேல் நின்று பார்த்துவிட்டார். “பிணையலு! பிணையலு!” என்று கத்திக்கொண்டே ஊருக்குள் ஓடினார். கொஞ்ச நேரத்தில் என் மாமியார் வந்தார். மூட்டுவலி என்று வாசப்படி ஏறவே சுவரைப் பிடிக்கிறவர், அன்றைக்கு வரப்பில் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். கையில் மடிப்புக் கலையாத மஞ்சள் நூல் புடவை ஒன்று இருந்தது.

“போடுடி! அதும் மேல போடு! நீதான் போடணும்!”

பாம்பு பிணையும்போது புதுத்துணி போட்டு, அவை அதன்மேல் ஊர்ந்து போனபிறகு எடுத்து வீட்டில் வைத்தால் குழந்தை பிறக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. தாம்பரத்தில் நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் குழந்தை ஞாபகம் இல்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது. “ஒரு நிமிஷம் அத்தை” என்றேன். அவர் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார்.

ஒரு கையில் கேமராவோடு இன்னொரு கையால் புடவையை உதறி எறிந்தேன். அது விரிந்து இரண்டின் மேலும் விழுந்தது. உள்ளே பூனை மாட்டிக்கொண்ட சாக்கு மாதிரி புடவை நெளிந்தது. பிறகு முந்தானைப் பக்கமாக ஒரு தலை வெளியே வந்தது. ஒன்று வேகமாகக் கோரைக்குள் போய்விட்டது. இன்னொன்று மெதுவாக, புடவையின்மேல் முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. அதற்குள் கரைமேல் ஊரே நின்றுகொண்டிருந்தது. மாமியார் அந்த ஈர மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டு, புடவையைச் சேறோடு சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கும்பலில் பெரிய மாமாவும் இருந்தார். மாமியார் நேராக அவர் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“துணி வூட்டுக்கு வருது பெரியவரே. துணி வூட்ல கீற வரைக்கும் வேற பொண்ணு பேச்சு பேசக்கூடாது. அடுத்த ஆடி வரைக்கும். ஒங்களுக்குத் தெரியாததா?”

அப்படி ஒரு முறை அந்த ஊரில் இருந்தது. துணி வந்த வீட்டுக்குள் இன்னொரு பெண்ணைக் கொண்டுவருவது நாகத்துக்கு ஆகாது, கொண்டுவந்தவன் குடும்பம் விளங்காது என்பார்கள். பெரிய மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புடவையைத் துவைக்கக் கூடாதாம். பகலில் சாமி மாடத்தில் இருக்கும். ராத்திரி என் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டும். சேற்று வாடை வீசும். இது என்ன கண்றாவி என்று நான் முணுமுணுத்துக்கொண்டே படுப்பேன். ஆனால் வீடு மாறிவிட்டதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழாயடியில் யாரும் விசேஷம் கேட்கவில்லை. எனக்கு முதலில் குடம் வைக்க இடம் விட்டார்கள். பெரிய மாமா எங்கள் வாசலில் கட்டில் போடுவதை நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும்விட, என் வீட்டுக்காரர் மாறிப்போனார். சம்பளம் வந்ததும் என்னைத் தாம்பரத்துக்கு சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏரிக்கரையில் என்கூட நடக்க வந்தார். மதகுக் கல்லில் அந்தக் கோடு போட்ட பாம்பைப் பார்த்துவிட்டு, “ஒன் ஆளு வந்துட்டாரு பாரு” என்று கிண்டல் செய்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவ்வளவு பேசினதில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. என்மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோல் முடியத் தீபாவளி ஆகிவிட்டது. தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது இருட்டறையில் நானும் அப்பாவும் உட்கார்ந்து கழுவினோம். சிவப்பு விளக்கில், தட்டில் மிதந்த வெள்ளைத் தாளுக்குள்ளிருந்து இரண்டு பாம்புகளும் மெல்ல எழுந்து வந்தன. அப்பா தட்டின் மேல் குனிந்து பார்த்தார். அப்புறம் கடையிலேயே பெரிய அளவுத் தாளாக எடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஸ்டுடியோ முன்னறையில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் மாட்டினார். இதுவும் ஜோடிதானே என்றார்.

இரண்டு நாள் கழித்து பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒரு அம்மா வந்தார். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவர். ஸ்டூலில் உட்காரப் போனவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கிட்டே நின்றார்.

“இது யார் எடுத்தது?”

நான்தான் என்றேன்.

“அருமையா எடுத்திருக்கீங்க. நான் இத்தனை வருஷமா தேடியும் எனக்கு இது மாட்டல. ஆண்கள் சண்டை.”

எனக்குப் புரியவில்லை. அவர் படத்தில் விரல் வைக்காமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். இரண்டும் சாரை, இரண்டும் ஆண். கூடுகிற பாம்புகளுக்கு வாலும் வாலும் சேர்ந்திருக்கும். இதில் இரண்டு வாலும் தனித்தனியே கிடக்கின்றன. தலையைத் தூக்கி ஒன்று இன்னொன்றைக் கீழே அழுத்தப் பார்க்கிறது. எது முதலில் தரையோடு தரையாகிறதோ அது தோற்றது, இடத்தை விட்டுப் போய்விடும். கடிக்காது, கொல்லாது.

“எல்லாரும் இதைத்தான் பிணையல்னு நினைச்சுக்கிறாங்க” என்று சிரித்தார். வகுப்பில் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எடுத்தது ஒரு கல்லூரி ஆசிரியருக்கே கிடைக்காத படம். அந்தப் பெருமையோடு, இன்னொரு பிரதியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இத்த யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத.”

“ஏங்க?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

நான் ஏதோ அவர் அம்மாவின் நம்பிக்கை கெடக்கூடாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சரி என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குப் பெரிய மாமா வீட்டாரும் இன்னும் இரண்டு பங்காளி வீட்டாரும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து ஆண்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய மாமா, “அந்தப் பிணையல் படம் வச்சிக்கினு கீறியாமே, கொண்டா பாப்போம்” என்றார். மாமியார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பாம்பைப் படம் எடுத்தது பாவம் என்பதற்காகத்தான் மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். படத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பெரிய மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பாடம் நடத்த ஆரம்பித்தார். மேலே இருப்பது ஆணாம், சாரை. கீழே இருப்பது பெண்ணாம், நல்ல பாம்பு. வெற்றிலைச் சாறு ஒட்டிய விரலை என் படத்தின் மேலேயே அழுத்தி வைத்தார்.

“கீழ கீறதப் பாரு, எப்டி அடங்கிக் கெடக்குது. பாம்புக்கே தெரியுது, பொம்பளன்னா கீழ அடங்கிக் கெடக்கணும்னு. மனுசனுக்குத்தான் சொல்லிக்குடுக்க வேண்டியதாக் கீது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் லேசாகச் சிரித்தார். எனக்கு உச்சந்தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது.

“மாமா, அது ரெண்டும் ஆம்பளை. சண்டை போடுதுங்க. கீழ கிடக்கறது பொம்பள இல்ல, தோத்துப்போன ஆம்பளை.”

சமையலறையிலிருந்து மாமியார், “ஏ பொண்ணு, இங்க வா, பால் பொங்குது” என்றார். அடுப்பில் பாலே இல்லை. நான் போகவில்லை. வாலைக் காட்டினேன், தலையைக் காட்டினேன், கல்லூரி ஆசிரியர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. பெரிய மாமாவுக்குக் கோபம் வரும், கத்துவார், நானும் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. படத்தைக் கவனமாகப் பக்கத்தில் வைத்தார்.

“அப்போ அது பிணையலு இல்ல?”

“இல்ல.”

“சொம்மா சண்ட?”

“சண்டைதான்.”

“அப்போ மாடத்துல கீதே, அந்தத் துணிக்கு இன்னா அர்த்தம்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமியார் கூடத்துக்கு வந்துவிட்டார். “யாரோ படிச்ச பொம்பள ஆயிரம் சொல்லுவா பெரியவரே, நம்ம சாமி நமக்கு” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலியே. ஒன் மருமவதான சொல்லுது. படமும் சொல்லுது” என்றார் பெரிய மாமா. பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “துணி கீதுன்னுதான் நான் வாயத் தொறக்கல. இப்ப துணி இல்லன்னு ஆயிப்போச்சி. அந்தப் பொண்ணு வூட்ல இன்னும் வேற எடம் பாக்காமத்தான் வச்சிக்கினு கீறாங்க. இன்னாடா சொல்ற?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சினிமாவுக்குக் கூட்டிப்போனவர், கரையில் என்னோடு நடந்தவர், ஒன் ஆளு வந்துட்டாரு என்று சிரித்தவர். வேண்டாம் பெரியப்பா. அந்த இரண்டு வார்த்தை போதும். அவர் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த கம்பெனி சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு ஓவர்டைம் கீது பெரியப்பா. பஸ் பூடும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே விடமாட்டார்கள். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு மாமியார் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழுதார்.

“அது ஆம்பளையா பொம்பளையான்னு எனக்கு இன்னாத்துக்குடி? அந்தாளு வாயக் கட்டறதுக்கு ஒரு துணி வோணும். ஆனிலயே புடவ வாங்கி வச்சிட்டு எங்கனா பாம்பு பிணைஞ்சா வந்து சொல்லுங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிக்கினு இருந்தேன். இவன் வாயத் தொறந்து வாணாம்னு சொல்லமாட்டான். இவன் அப்பனும் அண்ணங்காரன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. அந்தத் துணிதான் சொல்லிக்கினு இருந்துது.”

அவர் என்னிடம் அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை. நான்கு வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். அவர் யார் பக்கம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “சொன்னா நீ வாய மூடிக்கினு இருப்பியா?” என்றார்.

உண்மையைச் சொன்னது தப்பு என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சேறு படிந்த ஒரு புடவை சொல்ல வேண்டியதாக இருந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியில் நாலு துணியும் கேமராவும் வைத்தேன். மாமியார் வாசலில் குறுக்கே நின்றார்.

“எங்க போற? நீயே போய்ட்டா அந்தாளுக்கு வேல மிச்சம்.”

“உங்க பிள்ளை அவரு வாயால ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லட்டும் அத்தை. இந்தப் பெட்டிய நானே திரும்பத் தூக்கிட்டு வந்து வெக்கறேன்.”

அவர் வழிவிட்டார். வரப்பைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் நிற்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி சட்டை, கையில் சாப்பாட்டு டப்பாகூட இல்லை. என்னையும் பெட்டியையும் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“பஸ் வரலையா?” என்றேன்.

“வரும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரியப்பாகிட்ட வேணாம், எங்கிட்ட சொல்லுங்க போதும். இவ இருக்கட்டும், வேற யாரும் வேணாம்னு. நான் வீட்டுக்குத் திரும்பிடறேன்.”

அவர் ரோட்டைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது நிஜம்.

“மழ வர்ற மாரி கீது” என்றார்.

ஒரகடம் பக்கமிருந்து தாம்பரம் போகிற பஸ் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் அதிகம், கை காட்டாவிட்டால் அந்த இடத்தில் நிற்காமல் போய்விடுவான். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. போனால் போகட்டும், அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அவர் சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவர் ரோட்டில் ஓரடி இறங்கி, கையை நன்றாக நீட்டி, எனக்காக பஸ்ஸை நிறுத்தினார்.